மஞ்சள் டயலா? இல்லை சார்

அவருக்குச் சம்பளம் கொடுப்பது வாட்ச் விற்பதற்காக என்றுதான் ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. அவருடைய மாமியார் கடைசி வரை அப்படியே நம்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். உண்மை என்னவென்றால், அவருக்குச் சம்பளம் 'இல்லை' என்று சொல்வதற்கு. பத்தொன்பது வருஷமாக, வாரத்தில் ஆறு நாள், கோட்டும் டையும் வெள்ளைக் கையுறையுமாகக் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் பணிவாக 'இல்லை' சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லியே இரண்டு அறை வீடு ஒன்றைக் கட்டினார், ஒரே மகளைப் படிக்க வைத்தார். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் இல்லைக்காரர். உள்ளூர அவருக்கு அதில் பெருமைதான், வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார்.

கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அகலமான தெருவில், தோள் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும் கதவோடு ஒரு கடை. உள்ளே போனால் வேர்வை அடங்குவதற்குள் குளிர் பிடித்துக்கொள்ளும். அலமாரிகளில் இருக்கிற அத்தனை வாட்சும் மணி பத்து பத்தில் நிற்கும். அப்படி வைத்தால்தான் முகம் சிரித்த மாதிரி இருக்குமாம். ஆக, ஊரிலேயே அதிகமான கடிகாரங்கள் இருக்கிற இடத்தில் மணி என்ன என்று தெரிந்துகொள்ள, வேலை பார்ப்பவர்கள் போனைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அங்கே நீல டயல் வாட்ச் ஒன்றுக்கு ஏகப்பட்ட கிராக்கி. யார் வந்து கேட்டாலும் இல்லை. பின்னறை இரும்புப் பெட்டியில் ஆறு கிடக்கும், ஆனாலும் இல்லை. "பேர் எழுதி வெச்சுக்கறேன் சார்" என்று சொல்லிக் கறுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்றில் பெயரையும் போன் நம்பரையும் முத்து முத்தாக எழுதிக்கொள்வார் இல்லைக்காரர். அந்த நோட்டை யாரும் ஒருநாளும் திறந்து படித்தது கிடையாது. நிரம்பினால் புது நோட்டு வரும், அவ்வளவுதான். நீல டயல் யாருக்குக் கிடைக்கும் என்றால், யாருக்கும் வேண்டாத சாமான்களை முதலில் வாங்கிக்கொள்கிறவருக்கு. ஓடாத சுவர்க்கடிகாரம், எழுதாத பேனா, முதலையின் தோல் என்று சொல்லப்படுகிற பர்ஸ், இதையெல்லாம் இரண்டு வருஷம் முகம் சுளிக்காமல் வாங்கினால், மேனேஜர் ஒருநாள் மனது வைப்பார். நன்றாகப் படித்து நல்ல வேலையில் இருக்கிறவர்கள்தான் இதற்கு வரிசையில் நின்றார்கள். வீட்டில் கரண்ட் பில் கட்ட ஐந்து நிமிஷம் நிற்கச் சொன்னால் சண்டைக்கு வருகிற ஆட்கள்!

'இல்லை' சொல்வதில் நம்மவரின் கைவண்ணமே தனி. அறிமுகம் இல்லாதவருக்கு ஒரு மாதிரி சொல்வார், கத்துகிறவருக்கு ஒரு மாதிரி. அவருடைய தலைசிறந்த 'இல்லை' எதுவென்றால், உள்ளே போய்விட்டு வந்து சொல்வது. "ஒரு நிமிஷம், உள்ள போய்ப் பாத்துட்டு வரேன் சார்" என்று முகத்தில் ஒரு சின்ன நம்பிக்கையை ஏற்றிவிட்டுப் பின்னறைக்குப் போவார். அரை டம்ளர் தண்ணீர் குடிப்பார். நாற்பது வரை எண்ணுவார். இருபதோடு வந்துவிட்டால் ஒழுங்காகத் தேடவில்லை என்று சந்தேகம் வரும், அறுபது தாண்டினால் வந்தவர் கிரெடிட் கார்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். நாற்பதுதான் சரி. பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சொந்தக்காரர் ஆஸ்பத்திரியில் கிடக்கிற மாதிரி முகத்தோடு வெளியே வந்து நிற்பார். வாயைத் திறக்கவே வேண்டாம். வந்தவர் அவரைத் தேற்றிவிட்டுப் போவார்.

இதே வித்தை வீட்டிலும் நடந்தது, விளையாட்டாக. மகள் சின்ன வயதில் சாக்லேட் கேட்பாள். "உள்ள போய்ப் பாத்துட்டு வரேன் மேடம்" என்று சமையலறைக்குள் போவார். அவள் வாசலில் நின்று ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணுவாள். அவள் நாற்பது வரை எண்ணக் கற்றதே அப்படித்தான். நாற்பது சொன்னதும் தொங்கிப்போன முகத்தோடு, பின்னால் கட்டிய கையோடு அவர் வருவார். குழந்தை சிரித்துக்கொண்டே பின்பக்கம் ஓடிப் பார்க்கும். சாக்லேட் இருக்கும். கடையில் எப்படியோ, வீட்டில் அந்தக் கை ஒருநாளும் காலியாக வந்ததில்லை. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற மனைவிதான் தலையில் அடித்துக்கொள்வாள். "கடையில புடிச்ச வியாதிய வீட்டுக்குக் கொண்டு வராதீங்க" என்பாள்.

இனி அந்த மஞ்சள் டயல் வாட்சுக்கு வருவோம். நீல டயல் செய்கிற அதே கம்பெனி எந்தக் கிறுக்கிலோ மஞ்சள் டயலிலும் ஒன்று செய்து அனுப்பியிருந்தது. ஒரு டஜன் வந்தது, ஒன்றுகூடப் போகவில்லை. கடையில் எல்லோரும் அதை ஆம்லெட் என்றார்கள். இல்லைக்காரர் ஐந்து வருஷ சேவையை முடித்தபோது அவருக்கு என்ன பரிசு தருவது என்று மேனேஜர் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. டிராயரைத் திறந்து ஆம்லெட் ஒன்றை எடுத்துக் கட்டிவிட்டு, கைதட்டச் சொன்னார். விற்காத சரக்கைத் தன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று இவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த வாட்ச் மேல் அவருக்கு ஒரு பாசம் விழுந்துவிட்டது. பதின்மூன்று வருஷம் கையை விட்டு இறங்கவில்லை. அது கை அசைய அசையத் தானாகச் சாவி ஏறிக்கொள்கிற ரகம். அவர் பாத்திரம் கழுவும்போதும் ஏறும், மகளுக்குத் தலை பின்னிவிடும்போதும் ஏறும்.

மகள் மணி பார்க்கப் பழகியது அந்த மஞ்சள் வட்டத்தில்தான். ஒன்பது வயதில் அவள் சைக்கிளிலிருந்து விழப் போனாள், இவர் ஓடிப்போய்ப் பாதியில் தாங்கிப் பிடித்ததில் அவள் முழங்கால் சிராய்ந்தது, வாட்ச் சுவரில் உரசி நாலு மணிக்குப் பக்கத்தில் கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தது. தன் முழங்கால் போனதற்கு அழாத குழந்தை வாட்ச் போனதற்கு அழுதது.

"அழாதடா, இது உனக்குத்தான். நீ வெளியூர் படிக்கப் போற அன்னிக்கு இது உன் கையில இருக்கும்" என்று அவர் சத்தியம் செய்து கொடுத்தார். நீலம் கேட்டு யாராவது கடையில் இப்படி அழுதிருந்தால் ஒரு நோட்டு முழுக்கப் பெயர் எழுதியிருப்பார், ஒன்றும் கொடுத்திருக்க மாட்டார்.

மனைவியின் அண்ணன் டைல்ஸ் கடை வைத்திருந்தார். வருகிறபோதெல்லாம் இவர் கையைப் பார்த்து ஒரே கேலி. "மாப்பிள்ளை, கையில என்னமோ ஆம்லெட் ஒட்டியிருக்கு, தொடச்சுக்கோங்க" என்பார். சொல்லிவிட்டுத் தானே வயிறு குலுங்கச் சிரிப்பார். "விடுங்க மச்சான், பசிச்சா சாப்பிட்டுக்கறேன்" என்று இவரும் சிரித்து வைப்பார்.

இப்படியே போயிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய வேலையே இருந்திருக்காது. ஒரு செவ்வாய்க்கிழமை கண் டாக்டர் ஒருவர் வந்தார்.

அன்றைக்குக் கடையில் நல்ல கூட்டம். நீலம் கேட்டு முப்பத்தொரு பேர் வந்து போயிருந்தார்கள். முப்பத்தொரு பேருக்கும் நம்மவர் இல்லை சொல்லி முடித்திருந்தார். வாய் அந்தச் சொல்லிலேயே பழகிக் கிடந்தது. முப்பத்திரண்டாவதாகக் கண் டாக்டர் வந்து நின்றார், நீலத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"உங்க கையில இருக்கே, அது மாதிரி ஒண்ணு வேணும். எங்க கம்பவுண்டர் ரிடையர் ஆகறார். அவருக்குக் குடுக்கணும். ரொம்ப விலையா இல்லாம இருந்தா சரி" என்றார்.

"மன்னிக்கணும் சார். இப்போ இல்லை" என்றது இவருடைய வாய்.

சொன்ன பிறகுதான் மண்டையில் உறைத்தது. அடக் கடவுளே, பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மனிதன் ஆம்லெட் கேட்கிறான், டிராயரில் பதினொன்று கிடக்கிறது, அதைப் போய் இல்லை என்று சொல்லிவிட்டோமே!

"இல்லையா? இதுவா இல்லை?" என்று டாக்டர் புருவத்தைத் தூக்கினார். "உள்ள ஒரு தடவை பாருங்களேன்."

இவர் உள்ளே போனார். டிராயரை இழுத்தார். பதினொரு ஆம்லெட்டும் பத்து பத்தில் சிரித்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது. ஆனால் அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. இல்லை என்று சொன்ன பொருள் அரை நிமிஷத்தில் இருக்கிறது என்று வரவே கூடாது. வந்தால், மற்ற 'இல்லை'களின் கதி என்ன? வெளியே சோபாவில் நீலத்துக்காக இரண்டு பேர் வேறு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் காதில் விழுந்தால் கடையின் மானமே போகும். பழக்கதோஷம், கை தண்ணீர் டம்ளரை எடுத்தது. எண்ணினார். நாற்பதில் டிராயரைச் சாத்திவிட்டு, அந்த ஆஸ்பத்திரி முகத்தோடு வெளியே வந்தார்.

"எப்போ வரும்?"

"சொல்ல முடியாது சார். கம்பெனியில செய்யறதையே நிறுத்திட்டாங்கன்னு பேச்சு."

டாக்டரின் முகம் மாறியது. இல்லைக்காரருக்கு அந்த மாற்றம் அத்துப்படி. கம்பவுண்டர் அந்த முகத்தை விட்டு எப்போதோ இறங்கிப் போய்விட்டார். "உங்களுக்கு மட்டும் எப்படிக் கிடைச்சுது?" என்று கேட்டுக்கொண்டே டாக்டர் இவர் மணிக்கட்டைக் கண் சோதிக்கிற மாதிரி குனிந்து பார்த்தார். போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். கறுப்பு நோட்டில் பெயர் எழுதச் சொல்லி, எழுத்து சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டுதான் போனார்.

மறுநாள் இரண்டு எலும்பு டாக்டர்களும் ஒரு குழந்தை டாக்டரும் வந்தார்கள். மூன்று பேரும் மஞ்சள் டயல் கேட்டார்கள். அந்தப் போட்டோ, டாக்டர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றியிருக்கிறது. அந்த வாரத்துக்குள் வக்கீல்கள் வந்தார்கள். கடைக்காரனே கையில் கட்டியிருக்கிறான், கேட்டால் இல்லை என்கிறான், அப்படியானால் அதில் என்னமோ இருக்கிறது என்று ஊரில் பேச்சு. கீறலைக்கூட விடவில்லை. முதல் தவணையில் வந்ததில் மட்டும்தான் நாலு மணிக்குப் பக்கத்தில் அந்தக் கோடு இருக்குமாம்! எவனோ ஒரு புத்திசாலி அதற்குத் 'தேன் டயல்' என்று பெயரும் வைத்துவிட்டான். ஒரே மாதத்தில் ஆம்லெட் தேனாகிவிட்டது.

மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனார் நம்மவர். மேனேஜர் எழுந்து வந்து கையைக் குலுக்கினார்.

"எப்படிய்யா உனக்கு இது தோணுச்சு? பதிமூணு வருஷம் நான் விக்க முடியாம முழிச்சேன். நீ ஒரே வார்த்தையில முடிச்சுட்டே!"

"வாய் தவறி வந்துடுச்சு சார்."

"தன்னடக்கம் வேற!" என்று மேனேஜர் தோளில் தட்டினார். பதினொன்றும் டிராயரிலிருந்து இரும்புப் பெட்டிக்குக் குடிபெயர்ந்தன. வருஷத்துக்கு ஒன்றுதான் வெளியே விடுவது என்று முடிவானது. முதல் தேனை வாங்கியவர் ஒரு கட்டட கான்ட்ராக்டர். அதற்கு முன் அவர் நாலு சுவர்க்கடிகாரம் வாங்கிக் கக்கூசில் ஒன்று மாட்டினார் என்று கேள்வி. கண் டாக்டருக்குக் கிடைக்கவில்லை. பாவம், கம்பவுண்டருக்கு ஒரு எழுதாத பேனா கிடைத்தது.

இல்லைக்காரரின் கையில் இருந்தது இப்போது கடைக்கு விளம்பரம் ஆகிவிட்டது. "முழுசாக் காட்டாதே, முழுசா மறைக்காதே. சட்டைக் கைக்குக் கீழ கொஞ்சம் மஞ்சள் தெரியணும், அவ்வளவுதான்" என்று மேனேஜர் பாடம் எடுத்தார். கையை எந்தக் கோணத்தில் தூக்கினால் எவ்வளவு தெரியும் என்று குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று நம்மவர் பழகினார். மனைவி துண்டோடு காத்திருந்து காத்திருந்து கதவைத் தட்டினாள்.

இங்கேதான் எனக்கு அவர் மேல் கோபம் வருகிறது. இந்தப் புரளிக்குப் பிறந்த இடம் எது? அவருடைய வாய். அதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று உலகத்திலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்த மனுஷன் அதில் விழுந்தார் பாருங்கள்! ஊரெல்லாம் பார்க்கப் பார்க்க, அவருக்கே அந்த மஞ்சளில் ஒரு ஆழம் தெரிய ஆரம்பித்தது. "வெளிச்சத்துல தேன் மாதிரிதான் இருக்கு, இல்ல?" என்று மனைவியைக் கேட்டார். "நேத்து வரைக்கும் ஆம்லெட் மாதிரி இருந்துச்சு" என்றாள் அவள்.

முதலில் பாத்திரம் கழுவும்போது கழற்றி வைத்தார். பிறகு பஸ்ஸில் போகும்போது. பிறகு மேனேஜரிடம் கையில் அரிப்பு என்று பொய் சொல்லிவிட்டு, வாட்சைத் துணியில் சுற்றி, சாக்ஸ் ஒன்றுக்குள் திணித்து, பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். கை அசையாமல் சாவி ஏறாது, இரண்டு நாளில் வாட்ச் நின்றுபோனது. நின்றால் நிற்கட்டும், தேயாமல் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மச்சான் வந்தார். வழக்கமாக வாசலில் நின்றே குரல் கொடுப்பவர், இந்தத் தடவை செருப்பை ஓரமாக விட்டு, பழம் வாங்கிக்கொண்டு வந்து மெதுவாக உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, அந்தத் தேன் டயல் எனக்குக் குடுத்துடுங்களேன். வீடு பூராவும் டைல்ஸ் நான் போட்டுத் தரேன். இத்தாலி மார்பிள் மாதிரியே இருக்கும்."

"அதெல்லாம் விக்கற பொருளா மச்சான்?" என்றார் நம்மவர்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதில் அவருக்குக் கிடைத்த இன்பம் இருக்கிறதே, பத்தொன்பது வருஷம் கடைக்காகச் சொன்ன அத்தனை 'இல்லை'யிலும் கிடைத்ததில்லை. இது அவருக்கே சொந்தமான 'இல்லை'. மச்சானுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அன்று முழுவதும் இவர் காரணமில்லாமல் சீட்டி அடித்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் மகளுக்கு வெளியூர் நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. கொண்டு வர வேண்டிய பொருட்கள் என்று கல்லூரியிலிருந்து ஒரு தாள் வந்தது. அதில் ஏழாவது வரி: விநாடி முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்று. வார்டுக்குள் போன் கூடாது, நாடி எண்ணுவதற்கு விநாடி முள் வேண்டும். இந்தக் கதையில் நேரம் பார்ப்பதற்காக வாட்ச் கேட்ட ஒரே ஆள் அவள்தான் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புகிற அன்று காலை. கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. மனைவி துவைத்த துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மகள் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டு வந்து, ஏழாவது வரியில் நிமிர்ந்து சிரித்தாள்.

"அப்பா, வாட்ச்?" என்று கையை நீட்டினாள்.

ஒன்பது வயதில் கொடுத்த சத்தியத்தை அவர் மறந்திருக்கவில்லை. மகள் மறந்திருப்பாள் என்று நம்பிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். வாய் தனக்குத் தெரிந்ததைச் சொன்னது.

"உள்ள போய்ப் பாத்துட்டு வரேன் மேடம்."

மகளின் முகம் மலர்ந்துவிட்டது. எவ்வளவு வருஷம் ஆயிற்று இந்த விளையாட்டு ஆடி! "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று கூடத்திலிருந்து அவள் எண்ணுவது கேட்டது.

அவர் பீரோவைத் திறந்தார். சாக்ஸுக்குள்ளிருந்து வாட்சை எடுத்தார். கீறலோடு, நின்றுபோன முள்ளோடு, மஞ்சளாக உள்ளங்கையில் கிடந்தது. கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார், நான் பொய் சொல்லக்கூடாது. பதினாறு, பதினேழு என்று எண்ணிக்கை வந்தது. வார்டு என்றால் நாளைக்கு நாற்பது தடவை கை கழுவ வேண்டும். ஸ்பிரிட் படும், ரத்தம் படும். ஹாஸ்டலில் எவளாவது எடுத்துக்கொண்டு போனால்? அவளுக்கு இதன் அருமை தெரியுமா? ஊரில் பெரிய பெரிய டாக்டர்கள் பெயர் எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள், இதைப் போய் ஒரு முதல் வருஷப் பெண்ணின் கையிலா? இருபத்தொன்பது, முப்பது. கண் டாக்டரின் முகம் ஞாபகம் வந்தது. மச்சானின் முகம் ஞாபகம் வந்தது. இது கையை விட்டுப் போய்விட்டால் பிறகு யார் தன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தார். அதுதான் உண்மை, மற்றதெல்லாம் சாக்கு.

"முப்பத்தொம்பது... நாப்பது!"

வாட்சைச் சாக்ஸில் திணித்தார். பீரோவைப் பூட்டினார். மேஜையிலிருந்த சொம்பிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொங்கிய முகத்தோடு கூடத்துக்கு வந்து நின்றார்.

மகள் சிரித்துக்கொண்டே அவருக்குப் பின்பக்கம் ஓடினாள்.

இரண்டு உள்ளங்கையும் காலியாக இருந்தன. விரல்களைப் பிரித்துக்கூடப் பார்த்தாள். இன்னும் விளையாட்டுதான் என்று நினைத்து அவர் சட்டைப் பையைத் தொட்டாள். பிறகு முன்னால் வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அது விளையாட்டு முகம் இல்லை, கடை முகம். அதை அவள் வீட்டில் பார்த்தது அன்றுதான்.

"இப்போ இல்லம்மா" என்றார் அவர். "அடுத்த வருஷம் கண்டிப்பா. உன் பேர்தான் முதல்ல இருக்கு."

"சரிப்பா" என்று மகள் பெட்டியை மூடினாள். மனைவிதான் கையிலிருந்த துண்டை மடிப்பதை நிறுத்திவிட்டு, அவரைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தாள். "த்தூ" என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

பஸ் நிலையத்தில் சீப்பும் ஊக்கும் விற்கிற தள்ளுவண்டியில் மகள் ஒரு பிளாஸ்டிக் வாட்ச் வாங்கினாள். வண்டிக்காரர் ஒரு கூடை நிறையக் கொட்டிக் காட்டி, "எது வேணுமோ எடுத்துக்கோ பாப்பா" என்றார். அவள் விநாடி முள் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

ஆறு மாதம் போனது. தேன் எப்படிக் கசந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஊர்க் கிளையில் புதிதாக வந்த மேனேஜர் விவரம் இல்லாதவர். பழைய டிராயரைச் சுத்தம் செய்தபோது அங்கே நாற்பது மஞ்சள் டயல் அகப்பட்டது. இதற்குத்தான் ஊரே அடித்துக்கொள்கிறதே என்று சந்தோஷப்பட்டு, நாற்பதையும் கண்ணாடி ஜன்னலில் வரிசையாக அடுக்கிவிட்டார். அதைப் பார்த்து இன்னொரு கிளை பயந்துபோய் ஐம்பத்திரண்டை வெளியே எடுத்தது. எல்லாக் கிளையிலும் எல்லா டிராயரிலும் இதேதான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது, எல்லா மேனேஜரும் தன்னிடம் மட்டும்தான் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். ஒரே வாரம். தேடி அலைந்தவர்கள் ஜன்னலில் நாற்பது சேர்ந்தாற்போல் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கண் டாக்டர் வந்து பச்சை டயல் இருக்கிறதா என்று கேட்டார். கான்ட்ராக்டர் தன்னுடையதைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி வந்து நின்றார், கக்கூஸ் கடிகாரத்தையும் சேர்த்து.

மச்சான் வாசலில் நின்றே குரல் கொடுத்தார்: "என்ன மாப்பிள்ளை, ஆம்லெட் ஆறிடுச்சா?"

அன்றைக்குத்தான் நம்மவர் பீரோவைத் திறந்தார். வாட்ச் அப்படியே இருந்தது. அதே மஞ்சள், அதே கீறல். ஆழமும் இல்லை, தேனும் இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது, பிறகு அழுகை வந்தது. கடையில் கெஞ்சி ஒரு புதுப் பெட்டி வாங்கி, அதில் வைத்து, லீவு போட்டுவிட்டு, மகளைப் பார்க்கப் புறப்பட்டார்.

பார்வையாளர் நேரம் மத்தியானம் மூன்று முதல் நாலு. மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மகள் வெள்ளை உடுப்பில், வார்டிலிருந்து நேராக வந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். கையில் பிளாஸ்டிக் வாட்ச். பட்டை ஓரிடத்தில் அறுந்து, ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரியால் ஒட்டியிருந்தது.

"சாப்டீங்களாப்பா?" என்றாள்.

"சாப்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் பெட்டியை நீட்டினார். வழி முழுக்கப் பழகிக்கொண்டு வந்த வரியைச் சொன்னார். "உள்ள போய்ப் பாத்தேன் மேடம். கிடைச்சுடுச்சு."

அவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். கீறலை விரலால் ஒரு தடவை தடவினாள். மூடி அவர் கையிலேயே வைத்தாள்.

"வேணாம்பா."

"ஏம்மா? கோவமா?"

"கோவமெல்லாம் இல்லப்பா. எனக்கு இது போதும்."

அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். ஒரு 'இல்லை'க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதானே அவர் தொழில். எந்த 'இல்லை'யிலும் எங்காவது ஒரு சந்து இருக்கும். இன்னும் கொஞ்சம் கெஞ்சினால் திறக்கும், இன்னும் ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கினால் திறக்கும். இதில் சந்தே இல்லை. அவள் உள்ளே போகவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, எண்ணவில்லை. வேண்டாம் என்பதால் வேண்டாம் என்றாள். பத்தொன்பது வருஷத்தில் இப்படி ஒரு 'இல்லை'யை அவர் கேட்டதே கிடையாது.

"மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு? கையக் காட்டுங்க" என்று அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். வாட்ச் கட்டி இருந்த இடம் இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது. அவள் அதன் மேலேயே விரலை வைத்து, தன் பிளாஸ்டிக் வாட்சைப் பார்த்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய எண்ணினாள். அவரும் மூச்சை அடக்கிக்கொண்டு மனதுக்குள் கூடவே எண்ணினார். நாற்பது வரும் என்று காத்திருந்தார். அரை நிமிஷம் ஆனதும், முப்பத்தாறிலேயே அவள் கையை விட்டுவிட்டாள்.

"சரியாத்தான் இருக்கு. வெயில்ல நிக்காம போங்கப்பா. எனக்கு டூட்டி இருக்கு" என்று சொல்லி உள்ளே நடந்தாள்.

திரும்புகிற பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் பெட்டி எதற்கு என்று தோன்றி, வாட்சை எடுத்துத் தன் கையிலேயே கட்டிக்கொண்டார். பஸ் குலுங்கிய குலுக்கலில் சாவி ஏறி முள் ஓட ஆரம்பித்தது. பக்கத்து சீட்டுக்காரர் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

"சார், வாட்ச் வித்தியாசமா இருக்கே. கலரே ஒரு மாதிரி நல்லா இருக்கு. இது எங்கயாவது கிடைக்குமா?"

இல்லைக்காரர் வாயைத் திறந்தார். பழகிய சொல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினார்.

"கிடைக்கும் சார். நிறைய இருக்கு" என்றார்.

"ஓகோ" என்றார் அந்த மனிதர். ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார்.